கூட வந்தவங்க யாரு?

அந்தப் பையக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி வைங்க தங்கச்சி. ஆங், போதும். எனக்கு இடுப்பு மடங்காது. அதான் இப்பிடி நாற்காலி ஓரத்துல சாஞ்சாப்புல உக்காருதேன். தேஞ்சு போச்சு. எலும்பு டாக்டரு எக்ஸ்ரேய வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு, "என்னம்மா, இத வச்சுக்கிட்டா மாடி வீட்டுல குடியிருக்கிய?"ன்னு கேட்டாரு. பொறவு எங்க இருக்க? ஒத்தப் பொம்பளைக்கு மாடிதான் வாடகைக்குக் குடுத்தாவ.

நீங்க யாருக்கு வந்திருக்கிய? மாமியாருக்கா? உள்ள ஸ்கேன் எடுக்காவளா? அப்ப நேரம் ஆவும். நல்லதாப் போச்சு. ஒங்களுக்கு இல்ல, எனக்கு.

ஒங்க வீட்டுக்காரரு மருந்து வாங்கப் போயிருக்காரு, கொழுந்தன் காபி வாங்கப் போயிருக்காரு, சரியா? பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பாக்கது என் தொழிலு. ஒரு மாமியாருக்கு மூணு பேரு. இங்க என் கையில இருக்குத தாளப் பாருங்க. அடியில ஒரு கட்டம் போட்டிருக்கான். நோயாளியுடன் இருப்பவர் பெயர், கையொப்பம். காலியா இருக்கு பாத்தியளா? பன்னண்டு மணிக்குள்ள இத நெரப்பிக் குடுத்தாத்தான் நாளைக்கு ஆபரேஷன். இல்லன்னா டாக்டரு வெளிநாட்டுல மகளப் பாக்கப் போறாராம். திரும்பி வர ரெண்டு மாசம் ஆவும். ரெண்டு மாசம் என்னால மாடி ஏற முடியாது. நேத்தே ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து, பின்பக்கமா ஏறுனேன்.

கவுண்டர்ல கண்ணாடி போட்டு ஒரு சிஸ்டர் இருக்காளே, அவ நல்ல புள்ளதான். ஆனா வாயத் தொறந்தா ஒரே கேள்வி. கூட வந்தவங்க யாரு? முந்தாநேத்து வந்தேன், கூட வந்தவங்க யாருன்னா. நேத்து வந்தேன், கூட வந்தவங்க யாருன்னா. நேத்து ஆட்டோக்காரத் தம்பியையே உள்ள கூட்டியாந்து, இவருதான்னேன். அந்தத் தம்பி தாள வாங்கி வாசிச்சாரு. உயிருக்கு ஆபத்து நேர்ந்தால்னு ஒரு வரி இருக்குல்லா, அங்கன வந்ததும், "எக்கா, வண்டிய எடஞ்சலா நிறுத்திட்டு வந்திருக்கேன்"ன்னு போனாரு. போனவருதான். ஆட்டோவுக்குக் குடுக்க வேண்டியதக்கூட வாங்கல.

பதினோரு சண்டைக்குப் போயிருக்கேன் தங்கச்சி. கொழாயடிச் சண்ட இல்ல. நாட்டுக்கு நாடு போடுத சண்ட, பீரங்கி வச்சு. படம் எடுக்கப் போனேன். இங்கிலீஷ் பேப்பர்ல மொத பக்கத்துல வரும்லா, புகையும் இடிஞ்ச வீடுமா, அந்தப் படமெல்லாம். அங்க எத்தன சோதனச் சாவடி! எத்தன மீசக்காரன்! பாஸ்போர்ட்டக் குடுன்னுவான், கேமராவத் தொறன்னுவான். ஒருத்தனாவது கூட வந்தது யாருன்னு கேட்டிருப்பானா? நம்ம பாளையங்கோட்டையிலதான் இந்தக் கேள்வி.

நம்ப மாட்டிய. பரவால்ல. என்னப் பாத்தா சத்துணவு ஆயா மாதிரி இருக்குன்னு எங்க ஆபீஸ்காரனே சொல்லுவான். பேரு அமலோற்பவம். அமலின்னு கூப்பிடுவாவ. கூப்பிட்டாவ.

படத்துக்கு முந்தி நான் ஓட்டக்காரி. நெசமாத்தான். நூறு மீட்டரு, எரநூறு மீட்டரு, நாலு பேரு ஓடுத ரிலே. இந்த ஊரு மைதானத்துலதான் காலையும் சாயங்காலமும். ரெண்டு நேஷனல் மெடல் வாங்கியிருக்கேன். ரெண்டுமே ரிலேக்குக் குடுத்தது. நாலு பேருக்குந்தான் குடுத்தாவ, அது சரி. ஆனா மூணாவது ஆளா வளைவுல ஓடுனது நானு. வளைவுதான் கஷ்டம்.

ரிலே பாத்திருக்கியளா? ஆளுக்கு நூறு மீட்டரு ஓடணும். கையில ஒரு குச்சி. மொத ஆளு ஓடிப்போயி ரெண்டாவது ஆளுகிட்ட குடுக்கணும், அவ மூணாவது ஆளுகிட்ட. வாங்குதவ நின்னு வாங்கக்கூடாது, ஓடிக்கிட்டே வாங்கணும். திரும்பியும் பாக்கக்கூடாது. பாத்தா வேகம் போயிரும். அப்ப எப்பிடி வாங்குவா? பின்னால வாரவ, "கை!"ன்னு ஒரு சத்தம் போடுவா. அந்தச் சத்தம் கேட்டதும் வெறுங்கையப் பின்னால நீட்டணும். குச்சி கையில வந்து விழும். இருவது மீட்டருக்குக் கோடு கிழிச்சிருப்பான். அதுக்குள்ள குச்சி மாறணும். கோட்டத் தாண்டி மாறுனா நாலு பேரும் அவுட்டு.

எனக்கு அப்புறம் நாலாவதா ஓடுனவ பிரகாசி. இதே ஊர்க்காரிதான், எங்க தெருவுக்கு அடுத்த தெரு. ஹாஸ்டல்ல ஒரே ரூமு, ஒரே சோப்பு. அவ துணிய நான் போடுவேன், என் சாப்பாட்ட அவ சாப்பிடுவா. நான் கண்ண மூடிக்கிட்டு ஓடுனாலும் அவ கை எங்கன இருக்கும்னு எனக்குத் தெரியும். அப்பிடிப் பழக்கம்.

எம்பத்தி நாலுல வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்க ஒரு மீட் வச்சாவ. எங்க டீம் ஜெயிச்சா நாலு பேரும் விமானம் ஏறணும். அதோட ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ரயில்வே வேல. அன்னைக்கு எங்கிட்ட குச்சி வரும்போது எனக்கு முன்னால மூணு பேரு. வளைவுலயே மூணு பேரையும் பின்னால விட்டேன் தங்கச்சி! அப்பிடி ஒரு ஓட்டம் ஆயுசுக்கு ஒருக்கதான் வரும். காலு தரையில பட்ட மாதிரியே இல்ல. ஸ்டேடியமே எந்திரிச்சு நிக்கி. அந்தக் குச்சிய யாருகிட்டயும் குடுக்கவே மனசு வரல, அவ்வளவு சந்தோஷம். பிரகாசி கெளம்பிட்டா. ரொம்ப வெரசாக் கெளம்பிட்டா. நான் கத்துனேன். கத்தியிருப்பேன். அவ்வளவு சத்தத்துல அவளுக்கு எங்க கேக்கப் போவுது? குச்சி கோட்டத் தாண்டித்தான் மாறுச்சு. அவுட்டு.

விசாரண வச்சாவ. யாரு மேல தப்புன்னு கேட்டாவ. பிரகாசி முந்திக் கெளம்பிட்டான்னு நான் சொன்னேன். விமானம் போச்சுன்னாலும், அவள மட்டும் ஒதுக்கிட்டு என்னையும் மத்த ரெண்டு பேரையும் ரயில்வேக்கு எடுத்தாவ. அவ ஒரு வார்த்த பேசல. தப்பு இல்லன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கணும்லா? அன்னைக்குச் சாயங்காலம் ரூமுக்கு வந்து அவ பெட்டியத் தூக்கிட்டுப் போனா. சோப்ப மட்டும் எனக்கு வச்சுட்டுப் போனா. அதோட எங்களுக்குள்ள பேச்சு இல்ல.

ஒரு பேப்பர்க்காரரு அந்த நிமிஷத்தப் படம் எடுத்திருந்தாரு. நான் அவரு வீட்டுக்கு நாலு மாசம் நடந்தேன், அந்த நெகட்டிவக் குடுங்கன்னு. ஊருக்கெல்லாம் காட்டணும்லா, தப்பு யாரு மேலன்னு. பொறுக்க முடியாம ஒரு நாளு, "நீயே வந்து பிரிண்ட் போட்டுக்கோ, என்ன ஆள விடு"ன்னு இருட்டு ரூமுக்குள்ள விட்டாரு. மருந்துத் தண்ணிக்குள்ள தாளப் போட்டா மெள்ள மெள்ள படம் மேல வரும் பாருங்க. மொதல்ல வந்தது அவ கை. பின்னால நீட்டி, விரிச்ச கை. அதுக்குப் பக்கத்துல கோடு. நான் அத மட்டும் பெருசாக்கி வெட்டி எடுத்துக்கிட்டேன். கையும் கோடும். இன்னும் வச்சிருக்கேன். கை கோட்டுக்கிட்ட வந்துட்டு, அப்ப அவ முந்திக் கெளம்புனதுதான காரணம்? சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

அப்பிடிப் படிச்சதுதான் இந்தத் தொழிலு. ரெண்டு வருஷத்துல ரயில்வே வேலைய விட்டேன். பத்திரிகையில சேந்தேன். சண்ட நடக்குத ஊருக்கு யாரு போறான்னு கேட்டப்ப எல்லாவனும் பொண்டாட்டி புள்ளையச் சொன்னான். எங்க எடிட்டரு என்னக் கையக் காட்டுனாரு. "ஓடுத காலு இருக்கு, தேடுத ஆளு இல்ல." இப்பிடிச் சொல்லித்தான் என்ன அனுப்புனாவ. நல்ல மனுசன். மொத சண்டையிலயே நான் செத்திருக்க வேண்டியது. வெடிச்சத்தம் கேட்டா அவனவன் குப்புறப் படுப்பான். எனக்கு வெடிச்சத்தம்னா ஓட ஆரம்பிக்கணும், மைதானத்துல துப்பாக்கி வெடிச்சதும் ஓடுன பத்து வருஷப் பழக்கம்லா. எல்லாரும் படுத்துக் கெடக்க நான் மட்டும் நடு ரோட்டுல ஓடுதேன். ஒரு பட்டாளத்துக்காரன் என் சடையப் பிடிச்சு இழுத்துத்தான் படுக்க வச்சான். பொறவு முடிய வெட்டிட்டேன்.

எந்த ஊருக்கும் நான் தனியாத்தான் போவேன். அதுல எனக்கு ஒரு பிடிவாதம். தொண்ணூத்தி அஞ்சுல ஒரு சண்ட. நாட்டுப் பேரு வேண்டாம், அது இப்ப ரெண்டு நாடாயிட்டு. அங்கயும் தனியாத்தான் இருந்தேன். நானும் நூரியும் மட்டும்.

நூரி யாரா? அந்த ஊரு ஆளு. பள்ளிக்கூடத்துல பூகோளம் சொல்லிக் குடுத்தவரு. பள்ளிக்கூடத்துல குண்டு விழுந்த பொறவு எங்கள மாதிரி ஆட்களுக்குக் காரு ஓட்டுனாரு. அந்த ஊரு பாஷைய எனக்கு இங்கிலீஷ்ல மாத்திச் சொல்லுவாரு, வழி சொல்லுவாரு, எந்த வீட்டுல ரொட்டி கெடைக்கும்னு சொல்லுவாரு. எல்லாப் பத்திரிகைக்காரனுக்கும் அப்பிடி ஒரு ஆளு உண்டு. பேப்பர்ல பேரு வராது, அவ்வளவுதான். எட்டு மாசம் அவரு வீட்டுலதான் சாப்பாடு. அவரு பொண்டாட்டி எனக்கு ஒரு கம்பளிச் சட்ட பின்னிக் குடுத்தா. கை ரெண்டும் நீளம்.

அந்த ஊர்ல ஒரு தெரு. தெருவுக்கு அந்தக் கோடியில ஒசந்த மாடி, அதுல ஒளிஞ்சிருந்து ஒருத்தன் சுடுவான். யாரு தெருவக் கடந்தாலும் சுடுவான். அதனால கடக்கதுக்கு ஒரு மொற வச்சிருந்தோம். மொதல்ல நான் ஓடணும், நான்தான வேகம். அந்தப் பக்கம் சேந்ததும் செவத்துல ஒட்டி நின்னு, அவன் எங்கயாவது அசையுதானான்னு பாத்துட்டு, நூரிக்குக் கையக் காட்டணும். நான் கையக் காட்டுனாத்தான் அவரு வரணும். எட்டு மாசமா அப்பிடித்தான். ஒரு தடவகூடப் பிசகுனதில்ல.

ஒரு நாளு காலையில ஓடுனேன். சேந்துட்டேன். அந்தப் பக்கத்துல ஒரு சந்து. சந்து வாயில தண்ணிக் கொழா. தண்ணி எப்ப வரும்னு தெரியாது. வெளிய நின்னா சுடுவான். அதனால சனமெல்லாம் செவத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு, வாளிய மட்டும் வரிசையா வச்சிருக்கு. நம்ம ஊர்ல தண்ணி லாரிக்குக் கொடத்த வைப்போம்லா, அதே மாதிரி! ஒரு மனுசர் இல்லாத தெருவுல அறுவது எழுவது வாளி, கேனு, ஒரு குழந்தையோட குளிக்குத தொட்டி. எல்லாம் பொறுமையா வரிசையில நிக்கி. நான் அப்பிடியே முட்டி போட்டுட்டேன். எடுத்தேன், எடுத்தேன், ரோலு தீருத வரைக்கும் எடுத்தேன். அந்தப் படந்தான் ஒலகம் பூராப் போச்சு. ஆறு விருது வாங்குச்சு.

எடுத்து முடிக்கவும் குண்டு விழ ஆரம்பிச்சிட்டு. வாளிக்காரிங்க என்ன ஒரு நெலவறைக்குள்ள இழுத்துக்கிட்டாளுவ. ரெண்டு நாளு வெளிய வர முடியல.

நூரியா? அவரு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு இருந்திருக்காரு. நான் கையக் காட்டுவேன்னு. மறந்துட்டேன் தங்கச்சி. வேல பாக்கும்போது மறக்கத்தான் செய்யும். ராத்திரி அங்க உள்ள வேற பத்திரிகைக்காரன் போன்ல எங்க ஆபீசுக்குச் சொல்லியிருக்காரு, அமலி கடந்து போனா, கையக் காட்டலன்னு. ஆபீஸ்காரங்க நான் செத்துட்டேன்னு முடிவு பண்ணிட்டாவ. ரெண்டாவது நாளு, என் ஒடம்பையாவது எடுக்கணும்னு நூரி பகல்லயே தெருவக் கடந்திருக்காரு. தொடையில குண்டு. ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தேன். என்னப் பாத்ததும் அந்த மனுசன் மொகத்தப் பொத்திக்கிட்டு அழுதாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரோலு பத்திரமா இருக்கு, கவலப்படாதிய"ன்னேன். 

அந்தப் படத்துல மேல மூலையில, தெருவுக்கு அந்தப் பக்கம், ஒரு கை தெரியும். அவரு கைதான். இங்க பாரு, இங்க பாருன்னு ஆட்டிக்கிட்டு நிக்காரு. எடுக்கும்போது நான் பாக்கல. சத்தியமாப் பாக்கல. பிரிண்ட்ல பாத்தேன். வாளியப் பாக்குத கண்ண அந்தக் கை இழுத்துரும், அதனால வெட்டிட்டேன். வெட்டுனது சரிதான். யாரக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவாவ.

மூணு வருஷத்துக்கு முந்தி வரைக்கும் கிறிஸ்மஸ்னா மெயில் போடுவாரு. அவருக்குக் கிறிஸ்மஸ் கெடையாது, எனக்காவ. நல்லாருக்கியா அமலி, யாரு கூட இருக்கன்னு கேப்பாரு. பதில் போடணும் போடணும்னு இருப்பேன். என்னத்த எழுத? இப்ப மெயில் வாரதில்ல.

நான் சொல்ல வந்தது அது இல்ல. என் ஆத்தாமையே வேற. அந்த ரெண்டு நாளும் இங்க எங்க அம்மைக்கு நான் செத்துட்டேன்னு சேதி வந்துட்டுல்லா. அப்ப யாரு வந்தான்னு நெனைக்கிய? பிரகாசி! பதினோரு வருஷம் மொகத்துல முழிக்காதவ, என் சாவுக்கு மட்டும் ஓடி வந்திருக்கா. மைதானத்துலருந்து அப்பிடியே, கழுத்துல விசிலோட. ரெண்டு ராத்திரியும் எங்க வீட்டுலதான் படுத்திருக்கா, என் பாயில. அம்மைக்குக் கஞ்சி வச்சு ஊட்டியிருக்கா. துக்கம் கேக்க வந்தவள எல்லாம், "ஒடம்பு வரட்டும், பொறவு அழுங்க"ன்னு வெரட்டியிருக்கா. யாரு அவளக் கூப்பிட்டா? கேளுங்க, யாரு கூப்பிட்டா?

மூணாவது நாளு நான் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டேன். சேதி வரும்னு அங்கயே உக்காந்திருந்து எடுத்தது அவ. "அமலியா?"ன்னா. "அம்மையக் கூப்பிடு"ன்னேன். போனக் கீழ போட்டுட்டு அவ ஓடுத சத்தம் கேட்டுச்சு.  பொறவு அம்ம வந்தாவ.

அதுக்கப்புறம் அம்ம சாவுத வரைக்கும் ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் வந்துட்டுப் போவாளாம். அடக்கத்துக்கு என்னால வர முடியல, எட்டாவது சண்டையோ ஒம்பதாவதோ. எல்லாத்தையும் அவதான் செஞ்சிருக்கா. நல்லவன்னு ஊர்ல பேரு வாங்கணும்லா. நான் வேலைய விட்டு இங்க வந்து ரெண்டு வருஷமாச்சு. அவ தெரு வழியாப் போறதே இல்ல. மார்க்கெட்டுக்குச் சுத்தித்தான் போவேன், இந்த இடுப்போட.

ஒங்க வீட்டுக்காரரு வாராரு. தங்கச்சி, ஒண்ணு கேக்கட்டா? ஒரு கையெழுத்து. சும்மா பேரு போட்டாப் போதும். எனக்கு ஒண்ணும் ஆவாது, நான் பீரங்கிக்கே சாவாதவ. ... சரி சரி. அவரு சொல்லுததும் நியாயந்தான். நாளைக்கு எதாவது ஆச்சுன்னா போலீசு, கேசுன்னு நீங்க அலைய முடியுமா? ஒங்க மேல கோவமே இல்ல சார். நான் கேட்டதுதான் தப்பு. நீங்க போயி மாமியாரப் பாருங்க, தங்கச்சி செத்த நேரம் இருக்கட்டும்.

போயிட்டாரு. என்ன தங்கச்சி, ஏன் அப்பிடிப் பாக்கிய?

எந்தப் பிரகாசியா? ஒரே பிரகாசிதான் பாளையங்கோட்டையில. கன்னியாஸ்திரிங்க நடத்துத பொண்ணுங்க ஸ்கூல்ல பி.டி. டீச்சரா இருந்தா. ரிட்டையர் ஆயிட்டா. ஒங்க டீச்சரா! சவத்த, இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா? என்ன வாயாரப் பேச விட்டுட்டு. அப்ப என் கத ஒங்களுக்கு முந்தியே தெரியும். அவ ஒங்ககிட்ட வேற மாதிரி சொல்லியிருப்பா.

என்னது? அந்த ரிலேப் படமா? பி.டி. ரூமு செவத்துலயா?

முழுப் படமுமா? நானும் இருக்கேனா அதுல?

ஆமா. ஆமா தங்கச்சி, அதுல என் வாயி மூடித்தான் இருக்கும். நீங்க சின்னப் புள்ளைய, அதப் பாத்துட்டு, "டீச்சர், இவங்க கைன்னு கூப்பிடவே இல்லியே"ன்னு கேட்டியளா? எல்லா வருஷமும் எல்லா செட்டும் கேக்குமா? அதுக்கு அவ என்ன சொன்னா? மெள்ளச் சொல்லுங்க. அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க.

"அமலி கூப்பிட்டா. படம் எடுத்தவரு ஒரு நொடி பிந்திட்டாரு."

பொய்யி. சுத்தப் பொய்யி! அந்த மனுசரு அப்பிடிப் பிந்துத ஆளே இல்ல. எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவரு அவரு. குச்சி இன்னும் என் நெஞ்சுக்கிட்ட இருக்கு, கோடு ஒரு அடியில இருக்கு, அதான் சரியான நொடி. அதுக்கு முந்தியும் கெடையாது பிந்தியும் கெடையாது. ஒலகத்துல யாரு வேணும்னாலும் வரட்டும், நான் சொல்லுவேன். கேமராவக் குத்தம் சொல்லக்கூடாது.

நான் கூப்பிடல தங்கச்சி.

சத்தம் போடணும்னு தெரியும். அந்த எடம் வந்ததும் தெரிஞ்சுது. இன்னும் நாலு எட்டு, இன்னும் நாலு எட்டுன்னு இருந்துட்டேன். அவ பாவம், நான் கூப்பிடாமலே, கோடு வந்துட்டுன்னு தானா கைய நீட்டிருக்கா. அந்தக் கையத்தான் நான் வெட்டி வச்சுக்கிட்டு அலைஞ்சேன். முப்பத்தொம்பது வருஷமா.

எத்தன புள்ளைகளுக்குச் சொல்லியிருப்பா? வருஷத்துக்கு நாப்பதுன்னு வைங்க. இந்த ஊருப் பொம்பளைய பாதிப் பேரு நான் கூப்பிட்டேன்னு நம்பிக்கிட்டுத் திரியுதாவளா? கடவுளே.

சிஸ்டர் பாக்கா. இந்தா வாரேம்மா, இன்னும் பத்து நிமிஷம் இருக்குல்லா? கூட வந்தவங்களா? ... இருக்காவ. வருவாவ. நீ ஒன் வேலையப் பாரு.

ஒங்ககிட்ட அவ நம்பர் இருக்கா? வேண்டாம். வேண்டாம், வைங்க. என்ன மொகத்த வச்சுக்கிட்டு... ரெண்டு மாசந்தான, மாடிய விட்டு எறங்காம இருந்துட்டாப் போச்சு. கடைக்காரப் பையன்கிட்ட சொன்னா பாலு, ரொட்டியெல்லாம் கூடையில ஏத்தி விடுவான்.

இல்ல, போடுங்க.

நீங்க பேசுங்க. நான் பேச மாட்டேன். எங்கிட்ட குடுக்காதிய. அமலோற்பவத்துக்கு நாளைக்கு ஆபரேஷன், கையெழுத்துப் போட ஆளு இல்லன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். நான் போடச் சொன்னேன்னு சொல்லாதிய. சொல்லுங்க, சொல்லுங்க. நான்தான் போடச் சொன்னேன்னு சொல்லிருங்க. மணி அடிக்கா? எடுக்கலன்னா விட்ருங்க, கோயிலுக்குப் போயிருப்பா. எடுத்துட்டாளா?

...

என்ன சொல்லுதா?

எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டாளா? பொறவு? சொன்னியளா? பொறவு என்ன கேட்டா?

வச்சுட்டாளா?

ஏன் எதுக்குன்னு கேக்கலியா? இத்தன நாளு எங்க போனான்னு, இப்ப மட்டும் நான் வேணுமான்னு ஒரு வார்த்த கேக்கலியா? எந்த ஆஸ்பத்திரின்னு மட்டுந்தான் கேட்டாளா? வேற ஒண்ணுமே கேக்கலியா?

என்ன தங்கச்சி இவ, திட்டவாவது செஞ்சிருக்கலாம்லா. திட்டுனா நானும் ரெண்டு திட்டிருப்பேன்.

அவ வீட்டுலருந்து இங்க வர எவ்வளவு நேரம் ஆவும்? ஆட்டோவுல வந்தா அஞ்சு நிமிஷம். நடந்தா பத்து. அவ நடந்துதான் வருவா. இல்ல, ஓடி வருவா, அவ அப்பிடித்தான்.  அவ வந்து முன்னால நின்னா நான் மொதல்ல என்ன சொல்லணும்? நீங்க அவகிட்ட படிச்ச புள்ளதான, சொல்லுங்க.

ஒங்க மாமியார வெளிய கூட்டியாந்தாச்சு போல. ஒங்க வீட்டுக்காரரு கையக் காட்டுதாரு. தங்கச்சி, போயிராதிய. ஒரு அஞ்சு நிமிஷம். அவ வாரப்ப நான் ஒத்தையா இருக்க முடியாது.